துவைத்தபின் தையல் ஓரம் சுருங்கி இழுக்கிறது: நூலா, துணியா, மெஷினா?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் நானேதான் தைக்கிறேன். காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மெஷின், அதற்கு மோட்டார் மாட்டி வைத்திருக்கிறேன். சிந்தெடிக் துணியில் ஒரு தொந்தரவும் இல்லை, காட்டன் என்று வந்தால்தான் தலைவலி. தைத்து முடித்து அயர்ன் பண்ணிப் பார்த்தால் அவ்வளவு நேர்த்தியாக இருக்கும், முதல் தடவை துவைத்துக் கொடியில் போட்டு எடுத்ததும் தையல் போகிற வழியெல்லாம் சுருக்கம் விழுந்து இழுத்துக்கொண்டு நிற்கிறது. திரும்ப அயர்ன் பண்ணினால் துணி நேராகிறது, தையல் ஓரம் மட்டும் நேராகவே மாட்டேன் என்கிறது.

இப்போது கையில் இரண்டு உருப்படி இருக்கிறது. ஒன்று சுங்குடி குர்தி, உள்ளே காட்டன் லைனிங். கைக்குழிக்குக் கீழேயிருந்து ஸ்லிட் வரைக்கும் பக்கத் தையல் முழுக்க மேல் துணி உப்பிக்கொண்டு அலை அலையாக இருக்கிறது, கழுத்திலும் கொஞ்சம் அப்படித்தான். சுங்குடியை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காயவைத்துத்தான் வெட்டினேன். லைனிங் வாங்கிய கடையில் இது சுருங்காத துணி, அப்படியே வெட்டலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

இன்னொன்று அப்பாவுக்குத் தைத்த வெள்ளை பாப்ளின் சட்டை. இதில் லைனிங் கிடையாது. மெஷினிலிருந்து எடுக்கும்போதே லேசாகத் தெரிந்தது, துவைத்தபின் பக்கத் தையலிலும் பட்டன் பட்டியிலும் பளிச்சென்று தெரிகிறது. பாலியஸ்டர் நூல், 16 நம்பர் ஊசி, தையலைப் பொடியாக வைத்துத் தைத்தேன்.

நூல் மாற்றினால் போதுமா, மெஷினில் ஏதாவது சரிசெய்ய வேண்டுமா, இல்லை துவைக்கிற முறையில்தான் கோளாறா? தைத்து முடித்த இரண்டையும் காப்பாற்ற வழி உண்டா? அப்பா அந்தச் சட்டையை ஒரு கல்யாணத்துக்குப் போட ஆசைப்படுகிறார்.


மாடிவீட்டுத் தையல்:

டென்ஷன், அதாவது மெஷின் நூலைப் பிடித்திருக்கிற பிடி, இறுக்கமாக இருப்பதுதான். மேல் நூல் டென்ஷனைத் தளர்த்துங்கள், கீழ் நூல் சுற்றிய பாபின் உட்காருகிற பாபின் கேஸில் உள்ள சின்ன ஸ்க்ரூவையும் கால் சுற்று தளர்த்துங்கள். பழைய கறுப்பு மெஷினில் எல்லாம் கனத்த துணிக்கு இறுக்கி வைத்தபடியே இருக்கும், யாரும் திரும்பத் தொடுவதில்லை. பாபின் கேஸை நூலோடு தொங்கவிட்டால் அப்படியே நிற்க வேண்டும், லேசாக உதறினால் ஒரு அங்குலம் இறங்க வேண்டும். உதறியும் இறங்கவில்லை என்றால் இறுக்கம், உதறாமலே இறங்கினால் தளர்வு.


கத்தரிக்கோல்:

டென்ஷன் ஒரு காரணம், நான் மறுக்கவில்லை. ஆனால் தங்கச்சி சொல்கிற இரண்டு உருப்படியும் இரண்டு வேறு கோளாறு. எல்லாவற்றுக்கும் டென்ஷனையே திருகிக்கொண்டிருந்தால் குர்தி சரியாகாது, சட்டையிலும் தையல் தொளதொளவென்று போய்விடும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், துணி சுருங்குவதால் மட்டும் தையலில் சுருக்கம் விழாது. இரண்டு அடுக்கும் ஒரே அளவு சுருங்கினால் உடுப்பு சின்னதாகும், நூல் கொஞ்சம் தளர்ந்து நிற்கும், அவ்வளவுதான். ஒன்று அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் சுருங்கும்போதுதான் வினை. அந்த ஒன்று நூலாக இருக்கலாம், லைனிங்காக இருக்கலாம், கழுத்து விறைப்பாக நிற்க உள்ளே வைத்த கேன்வாஸாக இருக்கலாம், பைப்பிங்குக்குள் வைக்கிற கயிறாகக்கூட இருக்கலாம். பிளவுஸ் கழுத்து துவைத்ததும் சுருக்குப்பை வாய் மாதிரி கூடிக்கொள்வதற்குப் பாதி நேரம் அந்தப் பருத்திக் கயிறுதான் காரணம், அதை நனைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை.

உங்கள் சுங்குடி ஏற்கெனவே ஊறிச் சுருங்கிவிட்டது, இனிமேல் பெரிதாகச் சுருங்காது. லைனிங் அப்படியே வெட்டியது. அது இப்போதுதான் முதன்முதலாகத் தண்ணீரைப் பார்க்கிறது. மேல் துணி உப்பி நிற்கிறது என்கிறீர்களே, அதுவே சொல்கிறது உள்ளே இருப்பது குட்டையாகிவிட்டது என்று. கடைக்காரர் சொன்னார் என்பதற்காக எந்தப் பருத்தியையும் நனைக்காமல் வெட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் துணியின் மூலையில் 50 சென்டிமீட்டருக்குப் பேனாவால் இரண்டு புள்ளி வைத்து நனைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 48 என்று வந்தால் 4 சதவீதம் போயிருக்கிறது. கைக்குழியிலிருந்து ஸ்லிட் வரை 40 சென்டிமீட்டர் தையல் என்றால் அதில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல். அந்த ஒன்றரை சென்டிமீட்டர் மேல் துணி எங்கே போகும், மடிந்து மடிந்துதான் நிற்க வேண்டும்.

சட்டை விஷயம் வேறு. மெஷினிலிருந்து எடுக்கும்போதே தெரிந்தது என்கிறீர்கள், அதனால் இது துவைத்ததால் வந்தது இல்லை, துவைத்ததால் வெளியே வந்தது. அயர்ன் சூட்டில் கொஞ்சம் படிந்து மறைந்திருக்கும், தண்ணீர் பட்டதும் பழைய நிலைக்குப் போய்விடும். இதில் மூன்று சந்தேகம் இருக்கிறது, எது என்று தையலைப் பிரித்தால்தான் தெரியும்.

எப்படியும் பிரிக்கப் போகிற இடத்தில் ஒரு சாண் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மேல் நூலை மட்டும் நாலைந்து தையலுக்கு ஒரு முறை சிசர் நுனியால் வெட்டுங்கள். வெட்டிய உடனே துணி விரிந்து படுத்தால் மேல் டென்ஷன் இறுக்கம். படுக்கவில்லை என்றால் கீழ் நூலையும் வெட்டுங்கள், அப்போது படுத்தால் பாபின் பக்கம். இரண்டு நூலையும் வெட்டியும் அப்படியே நின்றால் நூலையெல்லாம் உருவி எடுத்துவிட்டு, இரண்டு துணியையும் தனித்தனியாக ஈரம் தெளித்து அயர்ன் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். ஒன்று நீளம் ஒன்று குட்டை என்றால் தைக்கும்போது கீழ்த் துணியை அடியிலிருந்து நகர்த்துகிற பல் வேகமாகத் தள்ளியிருக்கிறது, மேல் துணியை மேலிருந்து பிடிக்கிற பாதம் அழுத்திப் பின்தங்க வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே நீளம் என்றால் துணியில் நூலுக்கு இடம் போதவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கடைசிக் காரணம்தான் பாப்ளினில் அடிக்கடி வருவது. பாப்ளின் நெருக்கமாக நெய்த துணி, இழைக்கும் இழைக்கும் நடுவே இடமே இல்லை. அதற்குள் 16 நம்பர் ஊசியால் ஓட்டை போட்டு, கனத்த நூலைப் பொடிப் பொடியாக நுழைத்தால் துணியின் இழைகள் ஒதுங்கி நெளிய வேண்டியதுதான், டென்ஷனை எவ்வளவு தளர்த்தினாலும் சரியாகாது. அதிலும் நேர் இழையில் போகிற தையலில்தான் மோசமாகத் தெரியும், சட்டையின் பட்டன் பட்டி அப்படிப்பட்ட இடம். ஏ-லைன் குர்தியின் சாய்வான ஓரத்தில் அவ்வளவு தெரியாது, சாய்வில் இழைகள் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். ஆகவே 11 நம்பர் ஊசி போடுங்கள், மல் மாதிரி மெல்லிசு என்றால் 9. நூலை மெல்லியதாக மாற்றுங்கள். அங்குலத்துக்கு 14, 15 தையல் என்று தைக்காமல் 10க்கு இறக்குங்கள். ஊசி புதிதாக இருக்க வேண்டும், முனை மழுங்கிய ஊசி இழையைக் குத்தி இழுத்துக்கொண்டு போகும்.


ஸ்டீம் டேபிள்:

கத்தரிக்கோல் அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் கார்மெண்ட்ஸில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் கம்பெனிப் பக்கத்து அனுபவத்தைச் சேர்க்கிறேன்.

வெளிநாட்டு ஆர்டரில் தையல் சுருக்கத்துக்கென்றே தனி டெஸ்ட் உண்டு, ஏஏடிசிசி 88பி என்பார்கள். தையல் போட்ட துணித் துண்டைத் துவைத்து உலர்த்தி, குறிப்பிட்ட வெளிச்சத்தில் ஒரு பலகையில் மாட்டி, நாலடி தள்ளி நின்று பக்கத்தில் இருக்கிற 5 மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவோம். 5 என்றால் சுருக்கமே இல்லை, 1 என்றால் படுமோசம். மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்துப் போட வேண்டும். இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், துவைக்காத சட்டையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. வீட்டில் தைப்பவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். அதே துணி, அதே நூல், அதே ஊசியில் ஒரு அடித் துண்டைத் தைத்து, நீங்கள் வழக்கமாக எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவைத்துப் பாருங்கள். வெந்நீரில் மெஷினில் போடுபவர் துண்டைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

நூலைப் பற்றி ஒரு விஷயம். பருத்தித் துணிக்குப் பருத்தி நூல்தான் பொருத்தம் என்று பலர் நம்புகிறார்கள். ஏற்கெனவே நனைத்துச் சுருக்கிய துணியில் சாதாரணப் பருத்தி நூலால் தைத்தால் நிலைமை தலைகீழ், துணி சும்மா இருக்கும், நூல் முதல் சலவையில் சுருங்கித் துணியைக் கூட்டிவிடும். பாலியஸ்டர் நூல் வீட்டுச் சலவையில் சுருங்காது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு வேறொரு குணம், இழுத்தால் நீளும், விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும். இறுக்கமான டென்ஷனில் நீண்ட நிலையிலேயே தையலுக்குள் போய்விட்டால், பிறகு மெல்ல மெல்லச் சுருங்கும். தண்ணீரும் சூடும் பட்டால் இன்னும் சீக்கிரம். காலையில் நன்றாக இருந்த தையல் சாயங்காலம் இழுத்துக்கொண்டு நிற்பது இதனால்தான்.

பாபின் சுற்றும்போதும் இதே கதை. மோட்டாரை முழு வேகத்தில் விட்டு, நூலை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றினால் நூல் நீண்டபடியே பாபினில் ஏறிவிடும். பாபின் கேஸ் டென்ஷன் எவ்வளவு சரியாக இருந்தாலும் கீழ் நூல் பிறகு சுருங்கும். மெதுவாகச் சுற்றுங்கள், விரல் வைக்க வேண்டாம்.

பல்லுக்கு நடுவில் இருக்கிற தகட்டையும் பாருங்கள். ஊசி இறங்குகிற ஓட்டை அகலமாக இருந்தால் மெல்லிய துணியை ஊசி ஓட்டைக்குள் சேர்த்து அமுக்கும், தையலுக்குத் தையல் ஒரு குழி விழும். ஜிக்ஜாக் வசதியுள்ள புது மெஷின்களில் இந்த ஓட்டை பக்கவாட்டில் அகலமாக இருக்கும், நேர்த் தையலுக்கென்று சின்ன வட்ட ஓட்டையோடு தனித் தகடு கிடைக்கும். உங்கள் கறுப்பு மெஷினில் ஏற்கெனவே வட்ட ஓட்டைதான், அது உங்களுக்குச் சாதகம்.

ஜீன்ஸ் கால் மடிப்பில் கயிறு முறுக்கியது போல் சாய்ந்து சாய்ந்து வருகிற சுருக்கம் இருக்கிறதே, அதுவும் இதே காரணங்களால் வருவதுதான். அதை வேண்டுமென்றே வரவழைத்து விற்கிறார்கள், அதற்காகவே சிலர் பழைய மெஷினைத் தேடிப் பிடிக்கிறார்கள். பாப்ளின் சட்டையில் அது அழகாக இருக்காது.


கண்டாங்கிப் பிரியை:

குர்தி, சட்டை எல்லாம் சரி, சேலையின் கால் பக்கத்தில் உள்பக்கமாக வைத்துத் தைக்கிற ஃபால்ஸ் பட்டியை யாரும் சொல்லவில்லையே. காட்டன் சேலை கட்டுபவர்களுக்கு இதைவிடப் பெரிய வேதனை கிடையாது. நல்ல விலை கொடுத்து வாங்கிய சேலை, ஃபால்ஸ் வைத்து ஒரு தடவை துவைத்ததும் கால் பக்கம் பார்டர் முழுக்கச் சுருண்டு மேலே ஏறி நிற்கும். கொசுவம் விழவே விழாது. சேலையே மட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள், பாவம், சேலை மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஃபால்ஸ் இரண்டரை மீட்டருக்குக் குறையாமல் இருக்கும். அதில் 4 சதவீதம் சுருங்கினாலே 10 சென்டிமீட்டர். ஃபால்ஸை மடிப்பைப் பிரித்து ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு, பிழியாமல் காயவைத்து அயர்ன் செய்து வைக்க வேண்டும். உப்புப் போடுவது சாயத்துக்காகச் செய்கிற பழக்கம், சுருங்குவதற்கும் உப்புக்கும் சம்பந்தம் கிடையாது. சேலையும் கைத்தறி என்றால் முதலில் சேலையை ஒரு தடவை அலசிக் கஞ்சி போகவிட்டு, அதன்பிறகு ஃபால்ஸ் வைப்பது இன்னும் நல்லது. மெஷினில் ஓட்டாமல் கையால் ஹெம்மிங் செய்யச் சொல்லுங்கள், நூலை இழுக்காமல் கொஞ்சம் தளர்வாக. வெளியே கொடுத்துத் தைப்பவர்கள் நனைத்த ஃபால்ஸை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், நனைத்துத் தைக்கிறோம் என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி எனக்கு ஒரு நல்ல சேலை போனது.

ஏற்கெனவே சுருண்ட சேலைக்கு ஒரே வழிதான், ஃபால்ஸை முழுக்கப் பிரித்து எடுத்துவிட வேண்டும். பார்டரை ஈரமாக்கி உள்பக்கமாக அயர்ன் செய்தால் பெரும்பாலும் நேராகிவிடும். பழைய ஃபால்ஸ் பெரும்பாலும் சுருங்கி முடிந்துவிட்டதால் அதையே திரும்ப வைக்கலாம், நீளம் மட்டும் ஒரு பக்கம் சற்றுக் குறையும்.


வைகைக்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கத்தரிக்கோல் அக்கா சொன்னபடி சட்டையின் பக்கத் தையலில் ஒரு சாண் வெட்டிப் பார்த்தேன். மேல் நூலை வெட்டினதும் கொஞ்சம் இறங்கியது, முழுக்கப் படுக்கவில்லை. கீழ் நூலையும் வெட்டி உருவின பிறகு ஈரம் தெளித்து அயர்ன் செய்தால் இரண்டு துணியும் ஒரே நீளம்தான், தட்டையாகப் படுத்துவிட்டது. ஊசி போன இடமெல்லாம் வரிசையாக ஓட்டை தெரிகிறது. அப்படியானால் டென்ஷனும் கொஞ்சம், ஊசியும் நூலும் பெரும்பங்கு, சரிதானே?

குர்தியில் லைனிங்கைப் பிரித்து மேல் துணியோடு வைத்துப் பார்த்தேன், லைனிங் நன்றாகவே குட்டை. கழுத்திலும் கேன்வாஸ் நனைக்காதது. இதையெல்லாம் திரும்பத் தைப்பது எப்படி? சட்டையில் அந்த ஓட்டைகள் போகுமா?


கத்தரிக்கோல்:

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். ஓட்டைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், ஈரத்தோடு விரல் நகத்தால் குறுக்கும் நெடுக்குமாக லேசாகத் தேய்த்துவிட்டு ஒரு அலசு அலசினால் பெரும்பாலும் இழை கூடிவிடும். இழை அறுந்த ஓட்டைதான் போகாது. அதனால் புதுத் தையலைப் பழைய தடத்திலேயே போடாமல் ஒரு நூல் அளவு, அதாவது அரைக்கால் அங்குலம், உள்ளே தள்ளிப் போடுங்கள், அப்பாவுக்கு அந்த அளவு இறுக்கம் தெரியாது.

பிரித்ததும் உடனே தைக்க உட்காராதீர்கள். சட்டையை ஒரு தடவை நனைத்து, ஓரங்களைக் கையால் நீளவாக்கில் நீவிவிட்டு நிழலில் காயப்போட்டு, லேசான ஈரத்தில் அயர்ன் செய்யுங்கள். இழுத்துத் தேய்க்காமல் பெட்டியை வைத்து வைத்து எடுக்க வேண்டும், சூடு ஆறும்வரை துணியைப் பலகையிலிருந்து எடுக்கக் கூடாது. பிறகு 11 நம்பர் ஊசி, மெல்லிய நூல். டென்ஷனுக்கு ஒரு சின்ன சோதனை செய்யுங்கள், மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறம் நூல் போட்டு மிச்சத் துணியில் குறுக்குச் சாய்வில் ஒரு கோடு தைத்து, இரு முனையையும் பிடித்துச் சட்டென்று இழுங்கள். எந்த நிற நூல் முதலில் அறுகிறதோ அதுதான் இறுக்கம். தைக்கும்போது பாதத்துக்கு முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை, துணி தொய்யாமல் பிடித்துக்கொண்டே போங்கள். பல் நகர்த்துகிற வேகத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், நீங்கள் இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் இடித்து ஒடியும். பாதத்தின் அழுத்தத்தையும் மேலே உள்ள திருகில் கொஞ்சம் குறையுங்கள், மெல்லிய துணிக்கு அவ்வளவு அழுத்தம் வேண்டாம்.

குர்தியில் பக்கத் தையலை முழுக்கப் பிரித்துவிடுங்கள். லைனிங்கைத் தோளிலும் கைக்குழியிலும் மட்டும் பிடித்துக்கொண்டு, கீழே தனிப் பாவாடை மாதிரி தொங்கவிடுங்கள். மேல் துணிக்கு ஒரு பக்கத் தையல், லைனிங்குக்கு ஒரு பக்கத் தையல், இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. அகலம் போதாது என்றால் உள்ளே விட்டிருக்கிற துணியைப் பிரித்துக்கொள்ளலாம், நீளம் கொஞ்சம் மேலே நின்றால் வெளியே தெரியாது. இனிமேல் லைனிங் இன்னும் ஒரு சுற்று சுருங்கினாலும் மேல் துணியை இழுக்காது. பருத்தி முதல் சலவையோடு நிற்பதில்லை, இரண்டு மூன்று சலவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

கழுத்துக்கு இரண்டு வழி. சுருக்கம் லேசாக இருந்தால் ஓரத் தையலை மட்டும் பிரித்து, நீராவியில் கேன்வாஸை நீவி மறுபடி ஓட்டலாம். நிறைய இருந்தால் கேன்வாஸையே எடுத்துவிட்டு, நனைத்த பருத்தித் துணியையே சாய்வில் பட்டி வெட்டி வைத்துவிடுங்கள், சுங்குடிக்கு அதுவே போதும். ஒட்டுகிற கேன்வாஸ்தான் வேண்டும் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, பிழியாமல், மடிக்காமல் தொங்கவிட்டுக் காயவைத்து ஒட்டுங்கள். வெந்நீர் ஊற்றினால் பசை போய்விடும்.

முதலில் சட்டையை முடியுங்கள், கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை துவைத்துப் பார்க்க அவகாசம் வேண்டும்.


வைகைக்கரை:

சட்டை முடிந்தது அக்கா. 11 நம்பர் ஊசி, மெல்லிய நூல், அங்குலத்துக்கு 10 தையல். டென்ஷன் சோதனையில் மேல் நூல்தான் முதலில் அறுந்தது, அதைத் தளர்த்தினேன். துவைத்துக் காயப்போட்டு எடுத்தேன், அயர்ன் பண்ணாமலே பக்கத் தையல் நேராக நிற்கிறது. பட்டன் பட்டியில் கீழ்ப் பட்டனுக்கு அடியில் மட்டும் ஒரு சின்ன நெளிவு இருக்கிறது, அந்த இடத்தில் துணி நாலு அடுக்காக மடிகிறது. அதை அப்படியே விடலாமா?


கத்தரிக்கோல்:

நாலு அடுக்கு வருகிற இடத்தில் உள் மடிப்பில் ஒரு அடுக்கை மூலைவாட்டில் வெட்டிக் குறைத்துவிட்டு, அந்த இரண்டு அங்குலத்தை மட்டும் மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றித் தையுங்கள். சட்டையை உள்ளே விட்டுப் போடுபவர் என்றால் அதுவும் தேவையில்லை, விட்டுவிடுங்கள்.